வலப்பக்கப் பத்தி

ஆளுக்கொரு பத்தி எழுத்தாளர் என்று
கம்பளித் தொப்பிக்குள் சீட்டுப் போட்டார் ட்வெய்ட் டீச்சர்.
ஓரினுக்கு, வானிலையும் வெட்டுக்கிளியும் எழுதிய பெண்மணி.
எனக்கு யாரும் மிஞ்சவில்லை.
"மரித், நீ இணையதளத்தைக் கட்டு.
உன் சொல்லைத்தான் கணினி கேட்கும்."
கேட்டதே இல்லை.
தியோடோரோவுக்கு வந்தது ஹார்லன் குவிஸ்ட்.

முப்பத்தொரு வருடம், வியாழன்தோறும்,
லுண்ட்பி கூரியர், இரண்டாம் பக்கம், இடது ஓரம்.
ஒற்றைக் கையுறைகள் எங்கே போய்ச் சேருகின்றன,
போன புயலுக்குக் கடன் போன மண்வாரி
இந்தப் புயலுக்காவது திரும்புமா.
வட டகோட்டாவில் எங்கள் ஊர் மொத்தமும்
கத்தரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய மனிதர்.
நூலக அடித்தளத்தில்
நுண்படச் சுருளைச் சுற்றச் சுற்றச் சிரித்தோம்.

பிறகு 1974, ஜூன் ஆறு.

அதே கை. அதே கிண்டல்.
டெக்சஸிலிருந்து பீட் வயலுக்கு வந்திறங்கிய லாரிகள்,
பள்ளி மூடும் வாரத்தில்
வகுப்புக்குள் வந்து நின்ற பிள்ளைகள்.
"இவர்கள் எழுத்துக் கூட்டுவதற்குள்
களையெடுப்பே முடிந்துவிடும்."
நன்றாக எழுதப்பட்ட வரி. அதுதான் தொல்லை.

தியோடோரோ பாரியன்டோஸ் பொத்தானை அழுத்தினான்.
பிரதிக்குப் பத்து சென்ட்.
நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

பத்தி ஒருவருக்கு, பாத்தி ஒருவருக்கு.
நடுவே ஒரு கால்தான்;
அந்தக் காலை மண்ணில் ஊன்றித்தான்
நாள் முழுக்கக் குனிந்தார்கள்.

"விட்டுவிடலாமே" என்றான் ஓரின்,
"நல்லதே ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது."
டீச்சர் ஜன்னலைப் பார்த்தார்.
நான் தலையாட்டினேன்.
ஓரின் பக்கம்தான் ஆட்டினேன்.

அவன் அம்மாவுக்குச் சர்க்கரை ஆலையில் இரவு முறை.
காலணியைக் கழற்றாமல், நின்றபடியே வாசித்தாளாம்.
"இந்த ஆளுக்கு வாரத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?"
முட்டையை உடைத்துச் சட்டியில் ஊற்றிய பிறகு,
"போடு. தேதியைத் தப்பில்லாமல் போடு.
முகாமில், ஏழாம் குடிசையில்,
அன்றைக்கு எனக்கு ஒன்பது நாள்."

அவன் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்:
இடப்பக்கம் குவிஸ்ட்.
வலப்பக்கம் அதே அகலத்தில் இன்னொரு பத்தி,
காலியாக.

சுலபம் என்று நினைத்தேன்.
வெற்றுப் பெட்டிக்கு உயரம் கிடையாது என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
உள்ளே ஒன்றும் இல்லையென்றால்
திரை அதை மடித்து விழுங்கிவிடுகிறது,
குவிஸ்ட் வழிந்து பக்கம் முழுவதையும் பிடித்துக்கொள்கிறார்.
அகலத்தை மாற்றினேன். எல்லைக்கோடு போட்டேன்.
ஒரு சனிக்கிழமை அழவும் செய்தேன்.

கையேட்டின் கடைசிப் பக்கங்களில் கிடைத்தது:
முறியாத இடைவெளி.
அதுவும் ஓர் எழுத்துதான். கண்ணில் படாது,
வைத்த இடத்தை விட்டுக் கொடுக்காது.
குவிஸ்டின் வரிக்கு ஒன்றாக
நாற்பத்து மூன்று முறை தட்டினேன்.
கழுத்து வலித்தது.
பத்தி நின்றது.

இரண்டு மதிப்பெண் குறைந்தது.
சிவப்பு மையில்: வலப்பக்கம் முடிக்கப்படவில்லை.

பெற்றோர் வரும் மாலையில்
ஓரினின் வெட்டுக்கிளிகளுக்குத்தான் கூட்டம்.
தியோடோரோவின் அம்மா ஆலைச் சீருடையில் வந்தாள்,
கோட்டில் பனி உருகிச் சொட்ட.
இடப்பக்கத்தைப் பார்க்கவில்லை.
சுட்டியைக் காலி இடத்தின் தலையில் வைத்து
அழுத்தியபடியே கீழே இழுத்தாள்.
வரிக்கு ஒன்றாக
நீலச் சதுரங்கள் முளைத்தன,
விதை அளவில், ஒன்றன்கீழ் ஒன்று.

"எத்தனை?" என்றாள் என்னைப் பார்த்து.
சொன்னேன்.
நம்பாதவள் போலக் கையுறையைக் கழற்றிவிட்டு
திரையில் விரல் வைத்து
முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.